வடக்கு வராண்டாவை இடிக்கச் சொன்னவன்

பல்லாவரத்தில் இருக்கும் ஒரு பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்தின் வடக்கு வராண்டா பழமையானது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அது அண்மையில் ஒட்டவைத்த மதிப்பற்ற பகுதி என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியை நம்பி அதை இடித்தார்கள். தவறான கணிப்பு, அனுபவக் குறைவு என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்கலாம். நான் வைக்கப் போவதில்லை. அது பொய்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, விரிசலை எப்படி அளப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று, எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று நீங்கள் சொல்லும் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த இடத்தில்தான் நான் தவறினேன்.

ஆலயம் கன்டோன்மென்ட் காலத்தது. பட்டாளத்துக்காகக் கட்டியது. உருண்ட தூண்கள், மேற்கே குட்டையான கோபுரம், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. உள்சுவரில் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கிய பூச்சு. கையை வைத்தால் ஏப்ரல் மாதத்திலும் சில்லென்று இருக்கும். பெஞ்சுகளின் முதுகில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. சிப்பாய்கள் ஆராதனைக்குத் துப்பாக்கியோடு வந்த காலத்தில் அவற்றைச் சாய்த்து வைக்கச் செதுக்கியவை. சுவர் முழுக்கச் சலவைக்கல் பலகைகள். காய்ச்சலில் இறந்த மேஜர், பிரசவத்தில் இறந்த கேப்டனின் மனைவி, பிறந்து சில வாரங்களே இருந்த குழந்தைகள். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள்.

வடக்குச் சுவரை ஒட்டித்தான் அந்த வராண்டா இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தரையில் சிமென்ட், தூணில் பச்சைப் பெயின்ட். முதல் பார்வையில் சைக்கிள் ஷெட் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது ஆலயத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்தினால் வளாகத்தின் முன்பக்கம் போய்விடும் என்று பேச்சு. பட்டியலில் முதல் தரத்தில் இடம் கிடைத்தால் கைவைக்க மாட்டார்கள் என்பது சபையின் நம்பிக்கை. மதிப்பீட்டு அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. பட்டியல் குழுவுக்கு அன்று தலைமை தாங்கிய பெரியவர் நேரில் வந்து சுற்றிப் பார்த்தார். எங்கள் துறையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வடக்குப் பக்கம் வந்ததும் நின்றார்.

"இது என்னப்பா, அழகான முகத்துல பிளாஸ்திரி போட்ட மாதிரி? இது இருந்தா ரெண்டாம் தரம்தான். கட்டடம் முதல்ல எப்படி இருந்ததோ அப்படிக் காட்டு."

மறுநாள் நான் தனியாகப் போய் வராண்டாவின் சுவரில் ஓர் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். சிமென்ட்டுக்குப் பின்னால், சிமென்ட் வருவதற்கு முந்தைய காலத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருந்தது. செங்கற்கள் கையால் அறுத்தவை. அதைவிட முக்கியமானது, அவை ஒரே சூளையில் வந்தவை அல்ல. ஒரு கல் மெல்லியது, அடுத்தது தடித்தது, ஒன்று கருகிச் சிவந்தது, இன்னொன்று பாதி வெந்தது. ஒப்பந்தக்காரர் கட்டிய சுவர் அப்படி இருக்காது. தரைச் சிமென்ட் பெயர்ந்திருந்த மூலையில் பழைய சதுர ஓடு தெரிந்தது. கூரையும் பூச்சும்தான் புதிது. உள்ளே இருந்த வராண்டா மிகப் பழையது.

சுரண்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். எஸ்தர் டீச்சரும் அவருடைய தம்பி ஆல்பர்ட்டும். பம்மலில் வீடு. டீச்சர் அருகிலிருந்த பள்ளியில் கணக்கு எடுத்தவர். ஆல்பர்ட் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணி, கோழி, கேக் எல்லாவற்றையும் இந்த வராண்டாவில்தான் ஏலம் விடுவார்கள். ஏலம் கூவுகிறவர் ஆல்பர்ட்.

"இன்னா சார், செவுத்த நோண்டிகினு கீறீங்க? பொதையலா?" என்றார் ஆல்பர்ட்.

"பார்க்கிறேன், அவ்வளவுதான்."

"இடிக்கப் போறதா செக்ரெட்டரி சொல்றாரு. இதை இட்ச்சா நான் எங்க நின்னு ஏலம் கூவுறது? உங்க தோள் மேலயா?"

டீச்சர் தம்பியை அடக்கினார். "சார், ஒரு நிமிஷம் கேளுங்க. இது எங்க ஆளுங்க கட்டுனது. அந்தக் காலத்துல உள்ள இங்கிலீஷ் சர்வீஸ் மட்டும்தான். சமையல்காரங்க, குதிரை பாத்துக்கறவங்க, தோல் வேலை செஞ்சவங்க எல்லாம் வெளிய வெயில்ல நின்னு கேட்டாங்க. அப்புறம்தான் வீட்டுக்கு இத்தனை கல்லுன்னு தலையில சுமந்துட்டு வந்து இதைக் கட்டிக்கிட்டாங்க. தமிழ் ஆராதனை முதல்ல நடந்தது இந்த வராண்டாவுலதான் சார்."

என் கையில் வெவ்வேறு சூளைக் கற்களின் தூள் ஒட்டியிருந்தது. அவர் சொன்னதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

"சாவு வந்தா பெட்டியை முதல்ல இங்கதான் இறக்குவோம். அப்ப எல்லாம் எங்க பெட்டியை உள்ள விட மாட்டாங்க. இப்ப யாரும் தடுக்கறது இல்ல. ஆனாலும் இங்க நிறுத்தி ஒரு பாட்டு பாடிட்டுத்தான் உள்ள போவோம்" என்றார் டீச்சர்.

"அறிக்கையில் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னேன். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் எதையும் செய்யப்போவதில்லை என்றால் இப்படித்தான் சொல்வார்கள். டீச்சர் அதை நம்பினார்.

இளைய நண்பர்களே, அன்று எனக்கு இருந்த வழிகளைச் சொல்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சபையின் வரலாறு இருக்கிறது, வெளியே வராண்டாவில் இன்னொரு சபையின் வரலாறு இருக்கிறது, இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஆலயம், அதனால்தான் இது முதல் தரம் என்று எழுதியிருக்கலாம். அது வலுவான வாதம். பெரியவர் ஒருவேளை ஒப்புக்கொண்டும் இருப்பார். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்தது தவறு என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு முடியவில்லை. சபையின் செயலர் தேவராஜ் வேறு தினமும் போன் செய்தார். "சார், எப்படியாவது முதல் தரம் வாங்கிக் குடுங்க. ரோடு போட வந்துட்டா காம்பவுண்டே போயிடும். ஒரு ஷெட்டுக்காகக் கோயிலையே விட முடியுமா?" ஆலயத்தைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த போன் வசதியாக இருந்தது.

"வடக்கே உள்ள ஷெட் பின்னாளைய இணைப்பு, பாரம்பரிய மதிப்பு இல்லை, அகற்றலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றையும் செய்தேன். எதை அகற்றுவதாக இருந்தாலும், அதற்கு முன் அளவெடுத்து, வரைந்து, படமெடுத்து வைக்க வேண்டும் என்பது நம் வேலையின் முதல் ஒழுக்கம். வராண்டாவை நான் அளக்கவில்லை. அளந்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்தேன். மறதியில் விட்டது இல்லை.

ஆலயம் முதல் தரத்தில் சேர்ந்தது. சாலை வேறு பக்கம் விரிந்தது. வடக்கு முகத்தின் படம் சுத்தமாக, அழகாக வந்தது. அதைப் பல ஆண்டுகள் வகுப்புகளில் காட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஐப்பசி மழையில், ஆயர் கூப்பிட்டு அனுப்பினார். வடக்குச் சுவரின் உள்பூச்சு உப்பி விழுகிறது என்றார். சென்னைக்கு மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை காலமும் அந்தச் சாரலை வராண்டா வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது சுவர் வாங்கியது. பளிங்குப் பூச்சு தோல் உரிவதுபோல் பெயர்ந்து தரையில் கிடந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. இறந்தவர் ஆல்பர்ட். எனக்குத் தெரியாது. டீச்சர் குடையில்லாமல் பெட்டியின் பின்னால் வந்தார். பெட்டியைத் தூக்கியவர்கள் நேராக மேற்கு வாசலுக்கு நடந்தார்கள்.

"அங்க இல்ல. வடக்கே போங்க" என்றார் டீச்சர்.

"அக்கா, அங்க கூரையே இல்லக்கா. மழை கொட்டுது. நேரா உள்ள போயிடலாம்க்கா."

"என் தம்பி அங்கதான் நிப்பான். இறக்குங்க."

வராண்டா இருந்த இடத்தில், சேற்றில் இரண்டு பெஞ்சைப் போட்டுப் பெட்டியை வைத்தார்கள். நான்கு பேர் ஒரு தார்ப்பாயை மேலே பிடித்தார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. பெட்டியின் மேல் போர்த்திய வெள்ளைத் துணி நனைந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது. பாட்டை முழுவதும் பாடினார்கள். ஒரு சரணத்தைக்கூட விடவில்லை. நான் உள்ளே, காய்ந்த தரையில், ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

அடக்கம் முடிந்து திரும்பிய ஆயர், "சுவர் ஏன் சார் இப்படி ஆகுது?" என்று கேட்டார்.

"மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. சுத்தம் செய்யச் சொல்லுங்கள்" என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்க்குப் பின்னால் பெரியவரின் அழுத்தம் இருந்தது என்றாவது சொல்லலாம். இதற்குப் பின்னால் யாரும் இல்லை.

ஓய்வு பெற்றேன். சிட்லபாக்கத்தில் வீடு, ஏரிக்கரையில் நடை, எப்போதாவது பயிற்சி வகுப்பு. அப்படி ஒரு வகுப்பில் மறுபடி அந்த வடக்கு முகத்தின் படத்தைப் போட்டேன். நிவேதிதா என்ற இளம் கட்டடக் கலைஞர் கை தூக்கினார். பட்டியல் குழுவின் அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

"சார், அந்தச் சுவருல சாய்வா ஒரு கோடு போகுதே, அது என்ன? ஏதோ கூரை வந்து சேர்ந்த தடம் மாதிரி இருக்கு."

சாய்ப்புக் கூரை இருந்த இடத்தில் எத்தனை வெள்ளை அடித்தாலும் ஒரு நிழல் நிற்கும். அவர் கண்ணுக்கு அது பட்டது. இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பொய்யும் வாய் வரை வந்தது. பழைய குழாயின் தடம் என்று சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தபோது என்னால் முடியவில்லை.

"அது ஒரு வராண்டா. பழையது. நான் பொய் எழுதி இடிக்க வைத்தேன்" என்றேன். வகுப்பு அதோடு முடிந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பல்லாவரம் போனேன். புதிய ஆயரிடம் விஷயத்தைச் சொன்னேன். தமிழ் ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் என்னைப் பேச விட்டார். நான் ஆரம்பித்ததும், பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் போனது. அங்கே பிரசங்கம் செய்கிறவர்களே அதற்காக வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்தினேன். "அது பழையது என்று தெரிந்தே" என்ற இடத்தில் நின்றுவிட்டு, சத்தம் அடங்கும்வரை அத்தனை முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பிறகு மீதியைச் சொன்னேன். சுவர் நனைவதற்குக் குழாய் காரணம் இல்லை என்பதையும் சொன்னேன்.

முன் பெஞ்சில் இருந்த தேவராஜ் எழுந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. "விடுங்க சார், அப்ப நாங்களும்தான் அவசரப்படுத்தினோம். இப்ப எதுக்கு இதெல்லாம்?"

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப தெரிஞ்சேதான் பண்ணியா நீ?"

"ஆமாம்."

"செரி, உக்காரு."

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். முதுகு வளைந்திருந்தது, குரல் மட்டும் அதே குரல்.

"இதை ஆல்பர்ட் இருக்கும்போது சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"அன்னைக்கு மழையில ஜன்னல் பக்கம் நின்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

ஆயர் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார். இந்த இடத்தில் தமிழ்ச் சபையார் கட்டிய வராண்டா இருந்தது என்று ஒரு சலவைக்கல் பதிக்கலாம், செலவை சார் ஏற்றுக்கொள்வார். நான் உடனே சரி என்றேன். டீச்சர் மறுத்துவிட்டார்.

"கல்லு உள்ள நிறைய இருக்கு ஐயா. கல்லுக்குக் கீழ யாரும் மழைக்கு ஒதுங்க முடியாது. எங்களுக்குக் கூரை வேணும்."

வராண்டாவைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். கோப்பு நிவேதிதாவிடம்தான் வந்தது. என்னை உட்காரவைத்துக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அளவு வரைபடம் இருக்கா சார்?"

"இல்லை."

"போட்டோ?"

"கல்யாணப் படங்களில் ஓரமாகத் தெரியும். தூணின் உயரம், தரை ஓட்டின் அமைப்பு எதுவும் தெளிவாகத் தெரியாது."

அவர் விதிமுறையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் தரக் கட்டடத்தில், இல்லாமல் போன பகுதியை ஊகத்தின் பேரில் மறுபடி கட்டக் கூடாது. அந்த விதியை எழுதிய துணைக்குழுவில் நானும் இருந்தேன். நல்ல விதி. அது இல்லாவிட்டால் ஊரெங்கும் போலிப் பழமை முளைத்துவிடும். நான் வாங்கிக் கொடுத்த முதல் தரமே இப்போது குறுக்கே நின்றது.

"எனக்குக் கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா என்னால கையெழுத்துப் போட முடியாது."

"போடக் கூடாது" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். நான் அன்று செய்யாததை அவர் செய்தார். எதிரே மூத்தவர் உட்கார்ந்திருந்தும் முடியாது என்றார்.

ஆனால் வேறு இரண்டு வேலைகள் நடந்தன. பட்டியலில் உள்ள குறிப்பைத் திருத்த அவர் முயற்சி எடுத்தார். வராண்டா தமிழ்ச் சபையாரால் கட்டப்பட்டது, மதிப்பீட்டாளரின் பொய்யான குறிப்பால் அகற்றப்பட்டது என்று எழுதினோம். "உங்க பேரு போடணுமா சார்?" என்று தயங்கினார். போடச் சொன்னேன். அது இப்போது அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொன்று, சுவரைத் தொடாமல், தரையில் குழிகளில் குழாய்களைச் செருகி நிறுத்தி, மேலே கூரை கட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய ஒரு பந்தல். கட்டடத்தில் சேராததால் குழு ஒப்புக்கொண்டது. பயன்படுத்திய நாளிலேயே அகற்ற வேண்டும் என்பது நிபந்தனை. என் ஓய்வூதியத்தில் அதைச் செய்யக் கொடுத்தேன். வடிவமைப்பும் நான்தான். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே மிகச் சாதாரணமானது. கோணம் மட்டும் வடகிழக்குச் சாரலுக்குச் சரியாக இருக்கிறது.

முதல் தடவை நிறுத்தியபோது வாலிபர் சங்கத்துப் பையன்கள் குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் என்னைத் தாண்டும்போது சொன்னான்: "அங்கிள், பாவம் பண்ணது நீங்க. பைப் தூக்கறது நாங்களா?" மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "நீங்க வேணாம் அங்கிள், அப்புறம் உங்களையும் சேர்த்துத் தூக்கணும்" என்றான் இன்னொருவன்.

போன கார்த்திகையில் சபையில் ஒரு மூதாட்டி இறந்தார். நல்ல மழை. பெட்டியை வடக்கே கொண்டுவந்து பந்தலின் கீழ் இறக்கினார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பாட்டு முடிந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"ஒழுகல சார்."

"ஆமாம் டீச்சர்."

"ஆனா இது பந்தல்தான். வராண்டா இல்ல."

"இல்லை டீச்சர்."

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பையன்கள் ஈரக் கூரையை உருட்டினார்கள், குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஒவ்வொரு முறையும் நான் அது முடியும்வரை நிற்கிறேன். வராண்டாவை இடித்த அன்று நான் அங்கே போகவில்லை. சத்தம் கேட்காத தூரத்தில், அலுவலகத்தில், என் மேசையில் இருந்தேன்.